கோட்டில்லாமல் கப்பலேறிய ஐயர்

கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடுகின்றன. மொத்தம் 22. எட்டாவது வளைவில் முன்சீட்டுக் குழந்தை வாந்தியெடுத்தது. அதன் அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கருகே பிடித்தாள். திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஏறியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெடுமங்காடு, விதுரா என்று ரப்பர் மரங்களுக்கு நடுவே வந்த சாலை காட்டுக்குள் நுழைந்து, பிறகு தேயிலைச் சரிவுகளில் ஏறியபோது ஜன்னல் கம்பி சில்லிட்டது. தூரம் என்னவோ 60 கிலோமீட்டர்தான்.

பொன்முடிக்கு நான் போனது ஒரு திசையைப் பார்க்க. கடல்மட்டத்திலிருந்து 1100 மீட்டர் உயரத்தில் புல்வெளி முகட்டில் நின்றால், மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே எப்படி இறங்கிப் போகிறது என்று கண்ணுக்குப் பிடிபடும். அந்த மலை ஓய்கிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. 1806ஆம் ஆண்டு ஏப்ரலில், பாளையங்கோட்டைப் பக்கமிருந்து அந்தக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் ஒரு ஜெர்மானியர் வந்தார். வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே. வாய்க்குள் எளிதில் அடங்காத இந்தப் பெயரை எங்கள் பக்கத்தில் படிக்காத கிழவிகள்கூடத் திருத்தமாகச் சொல்வார்கள். பின்னால் 'ஐயர்' சேர்த்துத்தான் சொல்வார்கள். தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தச் சபைப் போதகருக்கு அதுவே பெயர்: ரிங்கல்தௌபே ஐயர், மீட் ஐயர், மால்ட் ஐயர்.

பத்து மணிவரை எதுவும் தெரியவில்லை. மேகம் புல்லின்மேல் படுத்துக்கிடந்தது. பிறகு காற்று அதைச் சுருட்டிக்கொண்டு போக, அகத்தியர்கூடம் கூம்பாக எழுந்து நின்றது. 1868 மீட்டர். அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வடக்கிலிருந்து வந்தவர் என்று நம் மரபு சொல்லும் அகத்தியர் இந்த மலையில் தங்கினார். தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவராக அவரையே நம்பி வந்திருக்கிறோம். வெளியூரிலிருந்து வந்த ஒருவரைத் தன் மொழியின் தலைவாசலில் உட்கார்த்திவைத்த சமூகம் இது. வந்தவர் யார், வரவேற்றவர் யார் என்ற கேள்வி எனக்கு அங்கேதான் பிடித்துக்கொண்டது. பயணம் முடியும்வரை விடவில்லை.

தேயிலைத் தோட்டத்து ஓரத்தில் ஓர் அம்மாள் கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயதிருக்கும். நான் பேசிய தமிழைக் கேட்டதும் மலையாளத்தை விட்டுவிட்டார்.

"தனியாவா வந்திருக்கிய மக்ளே?"

"ஒரு ஐயரப் பத்தி எழுதணும்னு வந்தேன் அம்மா."

"எந்த ஐயரு? பூசை வைக்கிறவரா, வேதக்கோயில் ஐயரா?"

சொன்னேன். அவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. அவருடைய அம்மைக்கு அம்மை தோவாளைப் பக்கத்துக்காரி. கங்காணி கூட்டிவந்து மலையேற்றியிருக்கிறான். லயத்தில் ஒற்றை அறை. அட்டை கடித்த கால்களோடு கொழுந்து கிள்ளி, பிள்ளை பெற்று, இங்கேயே மண்ணுக்குள் போனவள். "பாட்டிக்குக் குழி இங்கதான். எஸ்டேட்டுக்காரன் விட்ட எடம்" என்று கையால் சரிவைக் காட்டினார். அப்புறம் கேட்டார்: "அந்த ஐயருக்குக் கல்லறை எங்க மக்ளே?"

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

*

ரிங்கல்தௌபே பிறந்தது 1770இல், சைலீசியாவின் பிரீக் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். அப்போது பிரஷ்யா, இன்று போலந்து. அப்பாவும் போதகர். படித்தது ஹாலே பல்கலைக்கழகத்தில். தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு படித்த அதே ஹாலே. முதலில் 1797இல் கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே அவருக்கு ஒன்றும் கூடிவரவில்லை. இரண்டே ஆண்டுகளில் திரும்பிப் போய்விட்டார். அந்தத் தோல்வியை மறைக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஒருமுறை ஓடிப்போனவர் மறுபடி வந்தார் என்பதில்தான் அவருடைய உறுதி தெரிகிறது. லண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்து, 1804 டிசம்பரில் தரங்கம்பாடியில் இறங்கி, தமிழ் படிக்க உட்கார்ந்தார்.

பெரும்பாலான புத்தகங்கள் கதையை இந்தக் கப்பலிலிருந்து தொடங்குகின்றன. நான் மயிலாடியிலிருந்து தொடங்குவேன்.

கன்னியாகுமரிக்கு அருகே, மருந்துவாழ்மலை கண்ணில் படும் தூரத்தில் மயிலாடி இருக்கிறது. அந்த ஊரில் மகாராசன் என்று ஒருவர். சாம்பவர் குலம். அவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். நந்தனார் போகத் துடித்த ஊருக்கு, நந்தனாரைப் போலவே உள்ளே போக முடியாத ஒருவர் நடந்து போனதை நினைத்துப்பாருங்கள். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவினர் வீட்டில் தங்கினார். அங்கே கோலாப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊருக்கு வந்து தன் வீட்டாருக்குச் சொன்னார், உறவுக்குச் சொன்னார், கூட்டம் சேர்ந்தது. அதற்குப் பிறகே எங்களுக்கு ஓர் ஐயர் வேண்டும் என்ற வேண்டுகோள் அவரிடமிருந்து போயிற்று. ரிங்கல்தௌபே அழைப்பில்லாமல் வந்து கதவைத் தட்டியவரல்ல. மயிலாடியில் வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. திறந்து வைத்தவர் ஒரு தமிழர்.

அன்றைய திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: அரசுக்கும் கோவிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. சுமை தூக்குவது, விறகும் ஓலையும் கொண்டு கொடுப்பது. ஆள் வந்து கூப்பிட்டால் சொந்த வயலில் அறுப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும். வேதப்புத்தகத் தமிழில் கடவுளுக்குச் செய்யும் பணிக்கும் ஊழியம் என்றே பெயர் வந்தது. இன்றும் எங்கள் வீடுகளில் "பையன் ஊழியத்துக்குப் போயிருக்கான்" என்றால் பெருமையாகச் சொல்கிற பேச்சு. ஒரே சொல்லின் முதுகிலிருந்த சுமையை இறக்கிவைத்துவிட்டு அதன் கையில் விளக்கைக் கொடுத்ததுபோலத் தோன்றும் எனக்கு. சபையில் சேர்ந்தால் கட்டாய வேலை குறையும் என்று நம்பி வந்தவர்கள் நிறைய. ரிங்கல்தௌபேவுக்கு அது நன்றாகத் தெரியும். வருகிறவர்களின் நோக்கம் தூயது என்று தன் சங்கத்துக்கு அவர் இனிக்க இனிக்க எழுதவில்லை. உள்ளதை உள்ளபடி, சில சமயம் கசப்போடும், எழுதினார். எனக்கு அந்த மக்கள்மீது குறை தோன்றவில்லை. முதுகு ஒடிகிறவன் முதலில் தேடுவது சுமை இறங்கும் இடத்தைத்தான். கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்தும் கோவில் வேலையிலிருந்தும் விடுவிக்கும் உத்தரவு பின்னால் கம்பெனி ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் காலத்தில் வந்தது.

*

மாலையில் மலையிறங்கித் திருவனந்தபுரம் வந்து, மறுநாள் பாளையத்தில் எல்.எம்.எஸ். வளாகத்துக்குப் போனேன். ஆங்கிலத்தில் மூன்றெழுத்தாக வழங்கும் லண்டன் மிஷனரி சங்கத்தின் பெயர் ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயராகவே நின்றுவிட்டது. கண்டக்டர்கள் அப்படித்தான் கூவுகிறார்கள். உள்ளே சாமுவேல் மெற்றீரின் நினைவாக 1906இல் எழுந்த கற்கோவில். பெல்பாஸ்ட் நகரத்துக்காரரான மெற்றீர் இந்த நாட்டின் சாதிகள், பழக்கவழக்கங்கள், மலையில் வாழும் காணிக்காரர் பற்றியெல்லாம் இரண்டு பெரிய புத்தகங்கள் எழுதியவர். அவருடைய கண்ணாடி வழியாகப் பார்ப்பதில் எனக்குத் தயக்கங்கள் உண்டு. ஆனாலும் அவர் எழுதிவைக்காவிட்டால் தொலைந்திருக்கும் செய்திகள் ஏராளம்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் தலைமைச் செயலகம். முன்னால் வேலுத்தம்பி தளவாய் சிலையாக நிற்கிறார். அவர் எதிரில் நின்றுதான் ரிங்கல்தௌபே கோவில் கட்ட அனுமதி கேட்டார், சிலையின் முன் அல்ல, உயிரோடிருந்த திவானின் முன். உமது மதம் எது என்று திவான் கேட்டார். கர்னல் மெக்காலேயின் மதம் என்றார் இவர். மெக்காலே அப்போது கம்பெனியின் ரெசிடெண்ட். அப்படி ஒரு மதம் இருப்பது எனக்குத் தெரியாதே என்றாராம் திவான்.

இதைப் படித்த நாளிலிருந்து இந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இயேசுவின் பெயரைச் சொல்ல வந்தவர், கதவு திறக்க ஒரு கர்னலின் பெயரைச் சொல்லியிருக்கிறார். திவானுக்கும் ரெசிடெண்டுக்கும் பகை முற்றிக்கொண்டிருந்த காலம் அது. 1809 ஜனவரியில் வேலுத்தம்பி குண்டறையிலிருந்து விளம்பரம் விடுத்தார். அடுத்த மாதம் கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை அரணைப் பிடித்தது. ரிங்கல்தௌபே வந்த அதே கணவாய். அந்த ஆண்டே வேலுத்தம்பி மண்ணடியில் இறந்தார். கலகம் அடங்கிய பிறகு, செப்டம்பரில் மயிலாடிக் கோவில் திறக்கப்பட்டது. கோவிலின் அஸ்திவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு போரும் கிடக்கிறது. எங்கள் சபைகளில் ஆண்டு விழாப் பிரசங்கங்கள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. நான் தாண்ட விரும்பவில்லை.

இந்த இடத்தில் மென்னோனைட்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரிங்கல்தௌபேவின் பதிலைச் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நான் நம்பும் கூட்டம் அது. 1525இல் சூரிச் நகரத்தில் சிலர் பெரியவர்களாகி, அறிந்து ஏற்று, மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறந்த குழந்தையெல்லாம் அரசின் சபைக்கு உறுப்பினர் என்பதை மறுத்த செயல் அது. அதற்காக ஆற்றில் அமுக்கியும் தீயிலிட்டும் கொன்றார்கள். 1536இல் மென்னோ சைமன்ஸ் என்ற நெதர்லாந்துப் பாதிரியார் தன் பதவியை விட்டு அவர்களோடு சேர்ந்தார். கூட்டத்துக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. வாளெடுக்க மாட்டோம், சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டோம், அரசனின் கைப்பிடித்துக் கடவுளிடம் போக மாட்டோம் என்பவர்கள். அந்த உறுதிக்கு அவர்கள் கொடுத்த விலை, ஊர் மாறிக்கொண்டே இருப்பது. நெதர்லாந்திலிருந்து விஸ்துலா ஆற்றுப் படுகைக்கு. அங்கிருந்து ரஷ்ய ராணி கேத்தரினின் அழைப்பை ஏற்று 1789இல் இன்றைய உக்ரைன் மண்ணுக்கு. அங்கேயும் படையில் சேரக் கட்டாயம் வந்தபோது 1874இலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும்.

அந்த வழியில் வந்த போதகர்கள் இந்தியாவுக்கும் வந்தார்கள். 1889இல் உக்ரைன் கிராமங்களிலிருந்து புறப்பட்ட ஆபிரகாம் ஃப்ரீசன் தெலுங்கு நாட்டு நல்கொண்டாவில் பணிசெய்தார். பீட்டர் பென்னர் 1871இல் ரஷ்யாவில் பிறந்து, பெற்றோரோடு அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறி, 1900இல் மறுபடி ஒரு கப்பலேறி இந்தியா வந்தவர். இன்றைய சத்தீஸ்கரில் உள்ள சாம்பாவில் தொழுநோயாளிகளைக் கவனிக்க ஆரம்பித்து, நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். அவர் தொடங்கிவைத்த தொழுநோய் இல்லம் மருத்துவமனையாக நிற்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக்குள் வாழ்ந்ததால் இவர்களும் அதன் நிழலில்தான் இருந்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனாலும் ஆயுதத்தின் பக்கம் நிற்க மாட்டேன் என்பதைக் குடும்பச் சொத்தாகக் கொண்டுவந்த போதகருக்கும், கர்னலின் மதம் என்று சொல்லி உள்ளே வந்த போதகருக்கும் தூரம் உண்டு.

அந்தத் தூரத்தை ரிங்கல்தௌபே பத்து ஆண்டுகளில் நடந்து கடந்தார் என்பது என் எண்ணம். வேறு யாரும் இப்படிச் சொல்லி நான் படித்ததில்லை. அவர் வாழ்ந்த விதத்தை வைத்துச் சொல்கிறேன்.

*

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகிறது. களியக்காவிளையில் மாநிலம் மாறுகிறது; கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அப்படிச் சட்டென்று மாறுவதில்லை. 1956 நவம்பர் 1வரை இது ஒரே நாடு. பொன்முடி அம்மாளின் பாட்டி தோவாளையிலிருந்து மலையேறியபோது எல்லை எதையும் கடக்கவில்லை.

நாகர்கோவிலில் அதிகம் நிற்கவில்லை. மீட் ஐயரின் ஊர் அது. அச்சகம், பள்ளி, பெருங்கோவில் என்று அவருக்குப் பெரிய கதை இருக்கிறது. பிற்காலத்தில் அவர் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தார். கூட இருந்த வெள்ளைக்காரப் போதகர்களால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் சங்கத்தை விட்டு விலகி, திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராகி, 1873இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். குடியேறியவர் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும். முழுக்க வந்துவிட்டார். தனிக் கட்டுரைக்கு உரியவர்.

மயிலாடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உளிச்சத்தம் கேட்டது. கல் சிற்பங்களுக்குப் பேர்போன ஊர். சாலையோரப் பட்டறைகளில் பாதி முளைத்த யானையும் முகம் வராத அம்மனும் வெயிலில் கிடந்தார்கள். கல்தூள் படிந்த கைகளோடு ஒருவர் கோவிலுக்கு வழி சொன்னார்.

கோவில் வளாகத்தில் வேப்ப நிழல். உள்ளே பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். ரிங்கல்தௌபே என்ற பெயரை அவர் தனியாக உச்சரிக்கவே இல்லை. "ரிங்கல்தௌபேவும் வேதமாணிக்கமும்" என்றே சொன்னார், அண்ணன் தம்பி பெயரைச் சேர்த்துச் சொல்வதுபோல. நினைவாலயத்தின் பெயரிலும் இருவரும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

இங்கிருந்துதான் தாமரைக்குளம், பிச்சைக்குடியிருப்பு, ஆத்திக்காடு, ஈத்தாமொழி என்று சுற்றியிருந்த ஊர்களில் சின்னச் சின்னக் கோவில்கள் எழுந்தன. கோவிலோடு பள்ளிக்கூடம். எழுத்து மறுக்கப்பட்ட பிள்ளைகள் மணலில் அகரம் எழுதினார்கள். இங்கே ரிங்கல்தௌபே 1809இல் தொடங்கிய பள்ளிதான் பிறகு நாகர்கோவிலுக்குப் போய், வளர்ந்து, ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. அதே 1809இல், மயிலாடிக்குச் சில கிலோமீட்டர் தள்ளிச் சாமித்தோப்பில் அய்யா வழி கண்ட வைகுண்டர் பிறந்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொண்டேன். ஒரு சின்ன நிலப்பரப்பில், ஒரே ஆண்டில், குனிந்த முதுகு நிமிர இரண்டு வழிகள் பிறந்திருக்கின்றன. இரண்டின் மக்களும் இன்றும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போய்வருகிறார்கள்.

ரிங்கல்தௌபே ஒரு சிறிய வீட்டில் இருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. சம்பளம் வந்தால் ஏழைகளுக்கும் உபதேசிமாருக்கும் போய்விடும். உள்ளூர் முரட்டுத் துணி, வைக்கோலில் முடைந்த நாட்டுத் தொப்பி. பாளையங்கோட்டைக்கு எப்போதாவது போகும்போது நண்பர் ஒருவர் கோட்டு கொடுத்தால் போடுவார். இல்லாவிட்டால் கோட்டு கிடையாது. கோபக்காரர், தனிமைப்பட்டவர், மனம் சோர்ந்து போகிறவர் என்பதும் அவர் எழுத்திலிருந்து தெரிகிறது. கல்லீரல் நோய் வாட்டியது. 1816 தொடக்கத்தில், இனி முடியாது என்றானபோது, சபைகளை வேதமாணிக்கத்தின் பொறுப்பில் விட்டுவிட்டுப் புறப்பட்டார்.

இதைத்தான் நான் அவருடைய பெருஞ்செயலாகக் கருதுகிறேன். இன்னொரு வெள்ளைக்காரர் வந்து சேரும்வரை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், இந்தச் சபைகளை நடத்தியவர் சிதம்பரத்தில் உள்ளே போக முடியாமல் திரும்பிய மயிலாடிச் சாம்பவர். கோவில் கதவைத் திறந்தவர், பூட்டியவர், வழக்குத் தீர்த்தவர், செத்தவருக்கு ஜெபம் சொன்னவர் அவர்தான். கோவில் தெருவில்கூட நடக்க விடாத காலத்தில் இது நடந்தது. கர்னலின் பெயரைச் சொல்லி வந்தவர் போகும்போது யார் கையில் கொடுத்துவிட்டுப் போனார் என்று பாருங்கள். நான் சொன்ன தூரம் அதுதான்.

ரிங்கல்தௌபே சென்னைக்குப் போனார். அங்கிருந்தவர்கள் அவரைக் கண்டு திகைத்தார்கள். ஐரோப்பாவில் நெய்த துணி என்று உடம்பில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. கடல் கடந்து போகப்போகிறவரிடம் ஒரு கோட்டு இல்லை. கப்பலேறினார். கொழும்பு வரை செய்தி உண்டு. அதற்கப்பால் கிழக்கே, மலாக்காப் பக்கம் புறப்பட்டார் என்பார்கள். பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. 46 வயது. கப்பலில் இறந்தாரா, வேறு கரையில் இறங்கி வாழ்ந்தாரா என்பது இருநூறு ஆண்டுகளாகியும் யாருக்கும் தெரியாது.

பெஞ்சு துடைத்த பெரியவரிடம் பொன்முடி அம்மாள் கேட்டதைச் சொன்னேன். துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கல்லறையா? ஊர் முழுக்கக் கல்லு கொத்துதோம். அவருக்கு ஒரு கல்லு வைக்க எடம் தெரியலியே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்த அம்மாவுக்கு எந்த ஊருன்னு சொன்னிய?" என்று கேட்டார்.

தோவாளை, பாட்டி காலத்தில், என்றேன்.

"அப்பம் நம்ம ஆளுதான். வந்தா இங்க ஒரு நாள் தங்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம எட்டரைக்கு ஆராதனை."

அடுத்த மாதம் மறுபடி 22 வளைவுகள் ஏற வேண்டும். சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.